நெட் ரேடியோவுக்கு வந்த நோட்டீஸ்: எந்தப் பாட்டைப் போடலாம், எதை எடுக்க வேண்டும்?

கேள்வி: வணக்கம் சார். கும்பகோணத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருஷமாக ஒரு ஆன்லைன் ரேடியோ நடத்துகிறேன். காலையில் பக்திப் பாட்டு, பகலில் பழைய சினிமாப் பாட்டு, ராத்திரி இளையராஜா. ஒரே நேரத்தில் அதிகம் போனால் நூறு பேர் கேட்பார்கள், பாதிப் பேர் துபாய், சிங்கப்பூர், கனடாவில் இருக்கிறவர்கள். விளம்பரம் கிடையாது. சர்வர் வாடகை என் கைக்காசு, சிலர் ஜீபேயில் நூறு, இருநூறு அனுப்புவார்கள். பாட்டுகளில் கொஞ்சம் அப்பாவின் கேசட்டுகளிலிருந்து நானே மாற்றியது, மீதி எம்பி3 தளங்களிலும் யூடியூபிலும் எடுத்தது. போன வாரம் ஒரு ஆடியோ கம்பெனி புகார் கொடுத்து, அமெரிக்காவில் இருக்கும் சர்வர் நிறுவனம் என் ஸ்ட்ரீமை நிறுத்திவிட்டது. புகாரை மறுத்து கவுன்டர் நோட்டீஸ் அனுப்பினால் ஸ்ட்ரீமைத் திரும்பக் கொடுத்துவிடுவார்கள் என்கிறான் நண்பன். லாபம் பார்க்காத எனக்கு எதற்கு நோட்டீஸ்? ரேடியோவை மூடிவிட வேண்டியதுதானா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: முதலில், அந்த கவுன்டர் நோட்டீஸை அனுப்பாதீர்கள். நண்பர் சொன்ன வழி அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது என்பது உண்மைதான். நீங்கள் அனுப்பி, புகார் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போகாமல் விட்டால், 10 முதல் 14 வேலை நாட்களில் ஸ்ட்ரீமைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். ஆனால் அந்தப் படிவத்தில் எதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். தவறுதலாகவோ வேறொன்று என்று நினைத்தோ என் ஒலிபரப்பை நீக்கிவிட்டார்கள் என்று சத்தியம் செய்கிறீர்கள், அது பொய்யானால் பொய்ச்சத்தியத்துக்கான தண்டனைக்கு ஒப்புக்கொள்கிறீர்கள், அதோடு அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வருகிறேன் என்றும் எழுதிக் கொடுக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் தவறுதலாக எதுவும் நடக்கவில்லை. அந்தக் கம்பெனியின் பாட்டைப் போட்டீர்கள், அவர்கள் கண்டுபிடித்தார்கள். அப்படி இருக்கும்போது கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கோர்ட்டுக்குப் பதில் சொல்லும் நிலையை நீங்களே ஏன் வரவழைத்துக்கொள்ள வேண்டும்? வேறு சர்வருக்கு மாற்றி அதே பாட்டுகளை ஓட்டலாம் என்ற யோசனையும் வேண்டாம். நோட்டீஸ் வந்த பிறகும் தொடர்ந்தால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழி அடைபட்டுவிடும்.

அடுத்தது, லாபம் இல்லை என்ற வாதம். இணைய ரேடியோ நடத்துகிறவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் இந்த வரி இல்லாத கடிதம் அபூர்வம். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-இல், பாட்டைப் பொதுமக்களுக்குக் கொண்டு சேர்க்கும் உரிமை உரிமையாளருக்கு மட்டுமே உரியது. ஒருவர் கேட்டாரா, ஒருவருமே கேட்கவில்லையா, காசு வந்ததா என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் வராது. கேட்கக்கூடிய மாதிரி நீங்கள் திறந்து வைத்தாலே போதும். லாப நோக்கம் இல்லை என்பது தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும்போது உதவும், குற்றமே இல்லை என்று சொல்ல உதவாது. நீங்களோ ஜீபேயில் பணமும் வாங்கியிருக்கிறீர்கள். சர்வர் வாடகைக்குத்தான் என்பது எனக்குப் புரிகிறது, எதிர்த்தரப்பு வக்கீல் அதை வருமானம் என்றுதான் சொல்வார். "காப்புரிமையை மீறும் எண்ணமில்லை" என்று பக்கத்தின் அடியில் எழுதி வைப்பதும், முப்பது வினாடிக்குள் போட்டால் பரவாயில்லை என்று ஊரில் உலவும் கணக்கும் எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொந்த உபயோகத்துக்கும், விமர்சனத்துக்கும், நடப்புச் செய்திக்கும் இடம் கொடுக்கிறது. நாள் முழுக்கப் பாட்டு ஓட்டுவது இதில் எதிலும் சேராது.

தண்டனையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 63-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது, தகுந்த காரணத்தை எழுதி நீதிபதி இதைவிடக் குறைக்கலாம். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தக் குற்றத்தை வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத வகை என்று தீர்ப்பளித்துவிட்டது. அதற்காக நாளைக்கே போலீஸ் கடை வாசலில் நிற்கும் என்று ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம், நூறு பேர் கேட்கும் ரேடியோ மீது கம்பெனிகள் பெரும்பாலும் நிறுத்தச் சொல்லிக் கேட்பதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் அது அவர்களுடைய விருப்பம், நமக்கிருக்கும் பாதுகாப்பு இல்லை.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். உங்களிடம் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கின்றன. இந்த ஃபைல் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று, இதை ஒலிபரப்ப உரிமை இருக்கிறதா என்பது இன்னொன்று. எம்பி3 தளத்தில் எடுத்தது திருட்டுப் பிரதி, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அழித்துவிடுங்கள். யூடியூபில் உருவியதும் அப்படித்தான், மாதச் சந்தா கட்டும் கணக்காக இருந்தாலும் அந்தச் சந்தா நீங்கள் கேட்பதற்கு மட்டும். அப்பாவின் கேசட் காசு கொடுத்து வாங்கிய அசல் கேசட், சரி. ஆனால் கேசட்டை வாங்கியபோது அவர் வாங்கியது வீட்டில் கேட்கும் உரிமையை. ஒலிபரப்பும் உரிமை அந்த விலையில் இல்லை. அப்பா காலத்துச் சேகரிப்பு என்பதால் அது உங்களுக்குச் சொந்தம் என்று தோன்றுவது இயற்கைதான், ஆனால் சொந்தமானது அந்த நாடாவும் டப்பாவும்தான்.

ஒரு சினிமாப் பாட்டில் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன: வரிகளுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, பதிவான ஒலிக்கு ஒன்று. இதற்கு மேல் பாடியவருக்குக் கலைஞர் உரிமை தனியாக உண்டு. 2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு, தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. யார் மனசு நொந்தது என்பதை விட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் பார்த்தால், ஒரு பாட்டைப் பாடிப் புகழ் பெற்றவரே ஆனாலும் மெட்டின் உரிமை அவரிடம் இல்லை என்பதுதான் அதில் இருந்த விஷயம். உங்கள் ராத்திரி நிகழ்ச்சிக்கு நேராகப் பொருந்துவது இது. அவருடைய பழைய படப் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை யாரிடம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பல வழக்குகள் நடந்திருக்கின்றன. அனுமதி கேட்கவே யாரிடம் போவது என்று நிச்சயமில்லாத பாடல்களை நூறு பேருக்கு ஒலிபரப்பி மாட்டிக்கொள்ளாதீர்கள், அந்த நிகழ்ச்சியை இப்போதைக்கு நிறுத்துங்கள்.

பழைய பாட்டு என்றால் உரிமை முடிந்திருக்கும் என்று நினைப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான வருஷம் முடிந்து 60 வருஷம். 1964-இல் வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்த வருஷத்திலிருந்து 60 வருஷம். 1944-இல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்துப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பாகவதர் பாடியது. அந்த ஒலிப்பதிவின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அதை எழுதிய பாபநாசம் சிவன் இறந்தது 1973-இல், அதனால் அவருடைய வரிகளுக்கு 2033 டிசம்பர் வரை உரிமை உயிரோடு இருக்கிறது. கண்ணதாசன் 1981-இல் இறந்தார், அவர் வரிகளுக்கு 2041 வரை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் மறைந்தவர், அவருடைய வரிகள் 2019-இன் முடிவில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன, ஆனால் அந்த வரிகளுக்கு மெட்டுப் போட்டவர் எப்போது இறந்தார் என்று பார்க்காமல் பாட்டைப் போட முடியாது. பாரதியார் பாடல்களும் இதே கதைதான், வரி யாருக்கும் சொந்தமில்லை, சினிமாவில் அதற்குப் போட்ட மெட்டும் பதிவும் வேறு ஒருவருடையவை.

உரிமம் வாங்க வேண்டும் என்றால், வரிக்கும் மெட்டுக்கும் போக வேண்டிய இடம் மும்பையில் இருக்கும் ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி). 1969-இல் தொடங்கிய சங்கம், பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் இசை வெளியீட்டாளர்களும் அதில் உறுப்பினர்கள். கட்டண விவரத்தை வெளியிட வேண்டும் என்று சட்டமே அவர்களைக் கட்டாயப்படுத்துகிறது, அதனால் உங்கள் நேயர் எண்ணிக்கையைச் சொல்லி எழுதிக் கேளுங்கள். ஒலிப்பதிவுக்குப் பணம் கட்டினால் போதும், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தனியாகக் கட்டத் தேவையில்லை என்று எஃப்.எம். நிலையங்கள் வெகுகாலம் வாதாடின, 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு. நம் சினிமாவில் பாட்டு எழுதியவர்களில் பலர் ஒரு தடவை வாங்கிய சம்பளத்தோடு சரி என்று வாழ்ந்து முடித்தவர்கள், அந்தப் பாட்டு ஐம்பது வருஷம் ஊரெல்லாம் ஒலித்தது. 2012-இல் சட்டத்தைத் திருத்தி, தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் அவர்களுக்குரிய பங்கை எழுதிக் கொடுத்துவிடவே முடியாது என்று ஆக்கினார்கள். அந்தப் பாட்டுகளை நேசித்து ஒலிபரப்புகிற உங்களைப் போன்றவர்கள் இதை முதலில் ஆதரிக்க வேண்டும்.

ஒலிப்பதிவு உரிமை கேசட்டிலும் தட்டிலும் பெயர் இருக்கும் ஆடியோ கம்பெனியிடமோ, பிற்பாடு அதை வாங்கியவரிடமோ இருக்கும். பல கம்பெனிகள் சேர்ந்து பொது இடங்களில் பாட்டுப் போட உரிமம் தரும் அமைப்புகள் இருக்கின்றன, ஆனால் ஹோட்டலில் பாட்டுப் போடும் உரிமமும் இணையத்தில் ஒலிபரப்பும் உரிமமும் ஒன்றல்ல. ரசீதில் இணைய ஒலிபரப்பு என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எஃப்.எம்.காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு கம்பெனியிடமும் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை அவர்களுக்கு. 2010-இல் காப்புரிமை வாரியம் விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று ஒலிப்பதிவுக்கு ராயல்டி நிர்ணயித்தது, 2012 திருத்தத்தில் 31டி என்ற பிரிவு வந்து, ஒலிபரப்பு நிறுவனம் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, நிர்ணயித்த ராயல்டியைக் கட்டினால் போதும், உரிமையாளர் மறுக்க முடியாது என்று ஆக்கியது. இணையத்துக்கும் இது பொருந்தும் என்று 2016-இல் மத்திய அரசின் துறை ஒன்று குறிப்பு வெளியிட்டபோது உங்களைப் போன்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அது நிலைக்கவில்லை. டிப்ஸ் என்ற இசை நிறுவனம் விங்க் மியூசிக் என்ற இணைய இசைச் சேவை மேல் போட்ட வழக்கில், 31டி பாரம்பரிய ரேடியோவுக்கும் டிவிக்கும்தான், இணையத்துக்கு இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் சொன்னது, 2022-இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. அந்த வழக்கு வேண்டிய பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கேட்கும், தரவிறக்கும் சேவையைப் பற்றியது, உங்கள் மாதிரி வரிசையாக ஓடும் ரேடியோவைப் பற்றியது அல்ல என்று ஒரு வாதம் செய்யலாம்தான். ஆனால் அந்த வாதத்தைச் செய்ய வேண்டியது பணமும் வக்கீலும் இருக்கும் ஒரு பெரிய நிறுவனம், நீங்கள் அல்ல. பல கோடி புழங்கும் எஃப்.எம். நிலையத்துக்குத் திறந்த கதவு நூறு பேர் கேட்கும் இணைய ரேடியோவுக்கு மூடியிருப்பது அநியாயம். நாடாளுமன்றம்தான் இதைத் திருத்த வேண்டும், அதுவரை இருக்கும் சட்டத்துக்குள்தான் வழி தேட வேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை முன்பே நடந்தது. 2002-இல் ஒரு பாட்டுக்கு, ஒரு நேயருக்கு 0.07 சென்ட் என்று அங்கே கட்டணம் வைத்தார்கள். கேட்கச் சின்னத் தொகை. உங்கள் ரேடியோவுக்குப் போட்டுப் பாருங்கள்: நூறு பேர், மணிக்கு 15 பாட்டு என்றால் மணிக்கு ஒரு டாலருக்குக் கொஞ்சம் மேல், நாள் முழுக்க அதே கூட்டம் இருந்தால் மாதம் 750 டாலரைத் தாண்டும். சின்ன ரேடியோக்கள் போட்ட சத்தத்தில், அதே வருஷம் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும் என்ற ஏற்பாட்டுக்கு வழிவிடும் சட்டத்தை அந்த நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்த மாதிரிச் சலுகைகள் 2015 முடிவில் காலாவதியானபோது, உரிமத்தையும் சேர்த்துக் கொடுத்து ஆயிரக்கணக்கான சின்ன நிலையங்களைத் தாங்கிய லைவ்365 என்ற சேவை அடுத்த மாதமே மூடியது, 2017-இல் புது நிர்வாகத்தில் திரும்பி வந்தது. இப்படி உரிமத்தையும் சேர்த்துத் தரும் சேவைகளில் மாதக் கட்டணம் கட்டிச் சேருவது உங்களுக்கு ஒரு வழி. ஆனால் அந்த உரிமம் அமெரிக்கா, கனடா என்று சில நாட்டு நேயர்களுக்கு மட்டும், துபாயும் சிங்கப்பூரும் கும்பகோணமும் வராது. கூடவே கட்டுப்பாடுகளும் உண்டு: மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் கூடாது, ஒரே பாடகரின் பாட்டு நான்குக்கு மேல் கூடாது, அடுத்து வரப்போகும் பாட்டுப் பட்டியலை முன்பே வெளியிடக் கூடாது. திருட்டுப் பிரதியிலிருந்து ஓட்டவும் கூடாது.

நேயர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டுச் சட்டம் வரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். உலக ரேடியோக்களை ஒரே இடத்தில் கேட்கக் கொடுக்கும் டியூன்இன் மேல் வார்னர், சோனி என்ற இசை நிறுவனங்கள் லண்டனில் வழக்குப் போட்டு 2019-இல் ஜெயித்தன, 2021-இல் மேல்முறையீட்டிலும் பெரும்பகுதி நின்றது. சொந்த நாட்டில் முறையாக உரிமம் வாங்கிய நிலையமாக இருந்தாலும், பிரிட்டனுக்கு உரிமம் இல்லையென்றால் அங்குள்ள நேயருக்குச் சேர்த்துவிடுவது மீறல் என்றுதான் முடிவானது. இந்தியாவில் காலாவதியான ஒலிப்பதிவுக்கும் இந்தச் சிக்கல் உண்டு, 1957-க்கும் 1972 பிப்ரவரி 15-க்கும் இடையில் பதிவானவற்றுக்கு அமெரிக்கச் சட்டம் 2067 வரை பாதுகாப்புக் கொடுக்கிறது. உங்கள் ஸ்ட்ரீம் சர்வரில் நாடுவாரியாகத் தடுக்கும் வசதி இருந்தால், உரிமம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் திறந்துவிடுங்கள். கனடா நேயர்கள் வருத்தப்படுவார்கள், வேறு வழியில்லை.

மூட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூட வேண்டாம், ஆனால் இருக்கிற பட்டியலை அப்படியே தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். நீங்கள் இருக்கும் ஊர் காவிரிக்கரை. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகளுக்கும் தேவாரத்துக்கும் திருப்புகழுக்கும் இன்று யாரும் உரிமை கேட்க முடியாது. புகழ்பெற்ற வித்வான்களின் கச்சேரிப் பதிவைப் போட்டால் பதிவு உரிமையும் கலைஞர் உரிமையும் குறுக்கே வரும், ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஓதுவார்கள் இருக்கிறார்கள், நாதஸ்வரக் கலைஞர்கள் இருக்கிறார்கள், கச்சேரி வாய்ப்புக்குக் காத்திருக்கும் இளம் பாடகர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பாடவைத்து நீங்களே பதிவு செய்யுங்கள், முடிந்த சன்மானம் கொடுங்கள். உங்கள் காலை நேரம் இதிலேயே நிறையும், சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டுப் போடும் இளைஞர்களிடம் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள்.

ஆனால் வாய்வார்த்தை போதாது. அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்று சட்டம் வைத்துக்கொள்ளும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று வைத்துக்கொள்ளும். அதனால் கடிதத்தில் பாட்டின் பெயர், வரி யாருடையது, மெட்டு யாருடையது, பதிவு யாருடையது, எத்தனை வருஷம், பணம் உண்டா இல்லையா, உலகம் முழுவதும் இணையம் வழியாக ஒலிபரப்பலாம் என்ற வரி, இவ்வளவும் இருக்கட்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் எதிரே அந்தக் கடிதத்தின் எண்ணை ஒரு எக்செல் ஷீட்டில் குறித்து வையுங்கள். கடிதம் இல்லாத ஃபைல் சர்வருக்குப் போகக்கூடாது.

புகார் கொடுத்த கம்பெனிக்கு இந்த வாரத்துக்குள் ஒரு மெயில் போடுங்கள். நோட்டீஸ் கிடைத்தது, குறிப்பிட்ட பாட்டுகளை நீக்கிவிட்டேன், ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கேட்காத, விளம்பரம் இல்லாத இணைய ரேடியோ நடத்துகிறேன், உங்கள் பழைய பாடல்களில் ஒரு பகுதியை ஒலிபரப்ப வருஷக் கட்டணத்தில் உரிமம் தருவீர்களா, தொகை என்ன என்று கேளுங்கள். மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம், மூன்று வருஷமாக என்னென்ன போட்டேன் என்று பட்டியலும் கொடுக்க வேண்டாம், அது நாளைக்கு உங்களுக்கு எதிராகவே சாட்சியாகும். நஷ்டஈடாகத் தொகை கேட்டுப் பதில் வந்தால் நீங்களாகப் பேசாமல் ஊரில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். உரிமம் தர மறுத்தால் அந்தக் கம்பெனியின் பாட்டுகளை மறந்துவிடுங்கள். தருகிறோம் என்றால், ஒப்பந்தத்தில் இணைய ஒலிபரப்பும் நாடுகளின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு, அதே பாட்டுகளுக்கு ஐபிஆர்எஸ்ஸில் தனியாகக் கட்ட வேண்டியதையும் கட்டிய பிறகு ஸ்ட்ரீமைத் திறங்கள்.